இரண்டு கேன் வெந்நீர்

என் நண்பரின் ஆயா, அதாவது பாட்டி, டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வந்திருந்தார். வயது எண்பத்து மூன்று, இரண்டு முட்டியிலும் வலி. வெந்நீர் ஊற்றில் உட்கார்ந்தால் முட்டி வலி போய்விடும் என்று அவர் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்தில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், வந்த நாளிலிருந்து அதே பேச்சு. இங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் பேலா பேலா இருக்கிறது, வெந்நீருக்குப் பேர் போன ஊர்தான், ஆனால் ஜூலை விடுமுறையில் அங்கே போனால் வெந்நீரைவிடப் பிள்ளைகள்தான் அதிகம் இருக்கும். நண்பர் பாலைவனப் பைத்தியம். வரைபடத்தில் நமீபியா எல்லையை ஒட்டி ஒரு புள்ளியைக் காட்டி, "ரீம்ஃபஸ்மாக் போவோம்" என்றார். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "கொஞ்சம் தூரம்" என்றார். தென்னாப்பிரிக்கர்களுக்கு நானூறு கிலோமீட்டர் வரைக்கும் பக்கம்தான், கொஞ்சம் தூரம் என்றால் நாம் பயப்பட வேண்டும்.

அப்பிங்டனுக்கே சுமார் 800 கிலோமீட்டர். நண்பர், ஆயா, என் மனைவி, நான், நாலு பேரும் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஆயா ஒரு துணிப்பையை மடியிலேயே வைத்திருந்தார், பின்னால் வைக்க விடவில்லை. இந்த ஊரில் வழிப் பயணச் சாப்பாட்டுக்குப் 'பாட்கோஸ்' என்று பெயர், நம் கட்டுச்சோறுதான். வெள்ளைக்காரர்கள் அவித்த முட்டையும் இறைச்சி உருண்டையும் எடுத்துப் போவார்கள். ஆயா கட்டியது புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், மிளகாய் ஊறுகாய். ஃப்ரைபர்க் தாண்டி ஒரு மரத்தடி சிமென்ட் மேஜையில் பிரித்தபோது வந்த வாசனையில் நான் ஒரு நிமிஷம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். நான்கு தலைமுறைக்கு முன்னால் கப்பல் ஏறி வந்த குடும்பம், ஆயாவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது, பேரனுக்குப் பேசவும் முக்கால்வாசி வராது, புளிச்சோற்றின் பக்குவம் மட்டும் அப்படியே இருக்கிறது.

குருமன் தாண்டியதும் நிலம் சிவந்துவிடும். மந்தையும் மரமும் குறைந்து மின் கம்பங்கள் மட்டும் நிற்கும், அந்தக் கம்பங்களின் தலையில் வைக்கோல் போர் போலப் பெரிய பெரிய கூடுகள். நம் தூக்கணாங்குருவிக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு குருவி கட்டுவது. தனித்தனிக் கூடாக இல்லாமல் நூற்றுக்கணக்கில் சேர்ந்து ஒரே கூரை போட்டு அதன் அடியில் ஆளுக்கு ஓர் அறை வைத்துக்கொள்கின்றன. பாலையில் பகல் சூடும் இரவுக் குளிரும் உள்ளே எட்டாமல் அந்தக் கூரை பார்த்துக்கொள்ளும். ஒரு கம்பத்தடியில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தோம், அடிப்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக வாசல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தலை எட்டிப் பார்த்துக் கத்துகிறது. ஆயா, "நம்ம சாட்ஸ்வொர்த் ஃப்ளாட்டு மாதிரியே இருக்கு, சத்தமும் அதே சத்தம்" என்றார்.

அன்று இரவு அப்பிங்டனில் தங்கிவிட்டு மறுநாள் ககாமஸ் வழியாகப் போனோம். ஆரஞ்சு நதியை ஒட்டியே சாலை. நதிக்கு இரண்டு பக்கமும் கொஞ்ச தூரத்துக்குத் திராட்சைத் தோட்டங்கள், குளிர்காலம் என்பதால் இலை உதிர்ந்து கட்டைகளாக நின்றன. வாய்க்கால் எட்டும் இடத்தோடு பச்சை முடிந்தது, அடுத்த அடியிலிருந்து கல். நான் கரிசல் காட்டுக்காரன், வெயிலையும் வறண்ட நிலத்தையும் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எங்கள் கரிசல் மழைக்குக் காத்துக்கொண்டிருக்கிற மண். இது அப்படியில்லை, மழையை எதிர்பார்ப்பதையே விட்டுவிட்ட மண். நடுநடுவே கோக்கர்பூம் நிற்கிறது, மரம் என்று சொன்னாலும் கற்றாழை இனம்தான். இதன் கிளையைக் குடைந்துதான் அந்தக் காலத்தில் இந்த மண்ணின் பழங்குடிகளான சான் மக்கள் அம்பறாத்தூணி செய்துகொண்டார்களாம்.

ககாமஸில் பெட்ரோல், விறகு, குடிதண்ணீர் எல்லாம் வாங்கிக்கொண்டோம். நீங்கள் போனாலும் அங்கேயே வாங்கிவிடுங்கள், அப்புறம் கடை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள். தார் ரோடு முடிந்து சரளைக் கல் ரோடு தொடங்கும் இடத்தில் டயர் காற்றைக் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் பின் டயர் கிழிந்தது. ஸ்டெப்னி என்று உள்ளே இருந்தது அந்த மெல்லிசு சக்கரம், இங்கே அதற்கு 'மேரி பிஸ்கட்' என்று செல்லப் பெயர். அந்த மேரி பிஸ்கட்டை மாட்டிக்கொண்டு மீதி வழியை மாட்டு வண்டி வேகத்தில் போனோம். எங்களை ஒரு கழுதை வண்டி முந்திப் போனது. மிகைப்படுத்தவில்லை, உண்மையிலேயே முந்தியது. ஓட்டிவந்த பையன் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போனான்.

ஊற்று இருப்பது மொலோபோ ஆற்றின் பள்ளத்தாக்கில். ஆறு என்று பெயர்தான், மணல்தான் கிடக்கிறது. செங்குத்தான கல் ரோட்டில் இறங்கிப் போனால் இரண்டு பக்கமும் செம்பாறைச் சுவர், அடியில் கல்லும் சிமென்டும் வைத்துக் கட்டிய சின்னத் தொட்டிகள். தங்கும் வீடுகள் மேலே மேட்டில். கட்டில், அடுப்பு, வெளியே இறைச்சி சுட ஓர் இடம், அவ்வளவுதான். போன் கோபுரம் எதுவும் எட்டவில்லை. என் மனைவி முதல் ஒரு மணி நேரம் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள், அப்புறம் பைக்குள் போட்டுவிட்டாள்.

உயிருள்ள எரிமலை இல்லாத இந்த நிலத்தில் வெந்நீர் எப்படி வருகிறது என்பது எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். விஷயம் இதுதான்: எப்போதோ பெய்த மழை பாறை வெடிப்பு வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது, பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25, 30 டிகிரி சூடு கூடுகிறது, கீழே சூடான தண்ணீர் இன்னொரு வெடிப்பு கிடைத்தால் ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் வெந்நீர் ஊற்றுகள் எல்லாமே இந்த வகைதான். பாறை வெடிப்பில் அது கசியும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். கொப்பளிக்கவில்லை, சத்தமில்லை, புகை இல்லை, கல்லே வியர்ப்பது போல ஒரு கசிவு. விரலில் பட்டதும் சுருக்கென்றது. தொட்டிக்குள் வருவதற்குள் பதமாகிவிடுகிறது. படியில் பாசி, கால் வைக்கும்போது ஜாக்கிரதை.

ஆயாவைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டிவந்து தொட்டி விளிம்பில் உட்கார வைத்தோம். கையை விட்டுப் பார்த்தார். "பதமாத்தான் இருக்கு" என்றார். அப்புறம் மடியிலிருந்த துணிப்பையைத் திறந்தார். நல்லெண்ணெய் பாட்டில், சீயக்காய்ப் பொட்டலம், துண்டு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

நண்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். எல்லோரும் இறங்கும் தண்ணீர், எண்ணெய் மிதந்தால் என்ன ஆகும் என்று அவர் ஆங்கிலத்தில் கெஞ்ச, ஆயா தமிழில் திட்ட, நான் நடுவில் மொழிபெயர்க்க ஆரம்பித்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். குற்றாலத்திலேயே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகக்கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள் ஆயா என்று சொல்லிப் பார்த்தேன். "குத்தாலம் எங்க இருக்கு?" என்றார். பதில் சொல்லத் தோன்றவில்லை. கடைசியில், "அப்ப வெறும் தண்ணியில உக்காந்து எழுந்திரிக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று காலை மட்டும் நனைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் ஓர் அம்மா துணியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு அதே மாதிரி காலை நனைத்துக்கொண்டிருந்தார், உள்ளூர்க்காரர், அறுபதை நெருங்கும் வயது. இவ்வளவு நேரம் நடந்த சண்டையைச் சிரிக்காமல் பார்த்திருக்கிறார். நண்பருக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டாயமாகப் படித்த ஆஃப்ரிகான்ஸ் கைகொடுத்தது. அந்த அம்மா ஆஃப்ரிகான்ஸில் சொல்ல, நண்பர் ஆங்கிலத்தில் சொல்ல, ஆயாவுக்கு அது போதும்.

ரீம்ஃபஸ்மாக் என்றால் தோல் வாரால் கட்டிப்போடு என்று அர்த்தமாம். மாடு திருடியதாகப் பிடிபட்டவர்களை யாரோ இங்கே பாறையோடு தோல் வாரால் கட்டிப்போட்டார்கள், இரவோடு இரவாக அவர்கள் அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று ஒரு கதை. அந்த அம்மா சொன்னது அந்தக் கதை இல்லை. நிறவெறி அரசாங்கம் 1973, 74-இல் இந்த ஊரையே காலி செய்தது. சேர்ந்து வாழ்ந்தவர்களை இனம் பார்த்துப் பிரித்து, கோசா மொழிக்காரர்களைக் கிழக்கே கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய சிஸ்கைக்கும், டமாரா, நாமா மக்களை ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நமீபியாவுக்கும் அனுப்பியது. அப்புறம் இந்தப் பாறைகள் ராணுவத்துக்குப் பயிற்சித் திடல். அந்த அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. ஆட்டுக்குட்டி ஒன்றைக் கூட எடுத்துப் போக அழுதேன், விடவில்லை என்றார். 1994-இல் ஆட்சி மாறியதும் நாட்டிலேயே முதல் முதலாகத் திருப்பிக் கொடுக்கப்பட்ட நிலங்களில் இது ஒன்று, சுமார் 75,000 ஹெக்டேர். அடுத்த வருஷத்திலிருந்து ஆட்கள் திரும்பி வந்தார்கள். இப்போது நாங்கள் கால் நனைத்துக்கொண்டிருந்த ஊற்றும் அவர்களுடையதுதான்.

நண்பர் சொல்லி முடிக்கும் வரை ஆயா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "திருப்பிக் குடுத்தானா? அதே நிலத்தையா?" என்று கேட்டார். அதே நிலம்தான் என்று நண்பர் சொன்னார். ஆயா மறுபடியும் கேட்டார், "அதே எடமா?"

ஆயாவின் ஊர் கேட்டோ மேனர், டர்பனில் நம் ஆட்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்த மேடு. வசிப்பிடத்தை நிறவாரியாகப் பிரிக்கும் 1950-ஆம் வருஷத்துச் சட்டத்தில் அது வெள்ளையர் பகுதி என்று ஆனது. 60-களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அங்கிருந்து எடுத்துச் சாட்ஸ்வொர்த்தில் வரிசை வீடுகளில் போட்டார்கள். வீடுகள் போய்ச் சில கோயில்கள் மட்டும் மிஞ்சின, ஆயா இன்றைக்கும் காவடிக்கு அங்கேதான் போகிறார். நிலம் கேட்டு இவர்கள் குடும்பமும் மனு போட்டது, பணம் கொடுத்தார்கள். எவ்வளவு என்று நண்பர் ஒரு தடவை என்னிடம் சொன்னார், எழுத மனசில்லை. கேட்டோ மேனரிலிருந்து ஆயா எடுத்து வந்தது மாமியார் வைத்த கறிவேப்பிலை மரத்தின் அடியில் முளைத்திருந்த ஒரு கன்று. பால் டின்னில் வைத்துக் கொண்டுவந்தாராம். சாட்ஸ்வொர்த் வீட்டுப் பின்னால் அது இன்றைக்கும் கூரை உயரத்துக்கு நிற்கிறது, தெருவே வந்து ஒடித்துப் போகிறது.

அந்தத் துணிப்பையில் அதன் ஒரு கொத்தும் இருந்தது. ஆயா நாலைந்து இணுக்கு பிய்த்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். அவர் கசக்கி மோந்து பார்த்துவிட்டு, ஆட்டுக்கறிக்குப் போடலாமா என்று கேட்டார். எண்ணெயில் முதலில் போடணும், கடைசியில் இல்லை என்று ஆயா கையாலேயே தாளித்துக் காட்டினார். இங்கே நட்டால் வருமா என்று அவர் கேட்க, குளிரில் கருகிப் போகும், இந்தத் தண்ணிப் பக்கம் பாறை மறைவில் வைத்தால் பிழைக்கலாம் என்றார் ஆயா. அந்த அம்மா பாவாடைப் பையிலிருந்து கட்டை விரல் பருமனுக்கு ஒரு பச்சைக் கல்லை எடுத்து ஆயாவிடம் கொடுத்தார். ஃப்ளூரைட், இந்த மலைகளில் கிடைப்பது. ஆயா அதை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

இருட்டியதும் நான் மட்டும் தனியாக ஒரு முறை இறங்கினேன். வெளியே பல் கிட்டும் குளிர், கழுத்து வரை வெந்நீர். வானம் பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஓர் ஓடை மாதிரி தெரிகிறது. எங்கள் ஊர் மொட்டை மாடியில் படுத்தால் தெற்கே சாய்ந்து தெரியும் விருச்சிகம் இங்கே நேர் உச்சியில் நின்றது. தண்ணீர் சூட்டிலோ என்னவோ அரை மணி நேரத்தில் தலை லேசாகச் சுற்றியது, எழுந்து வந்துவிட்டேன். அதிக நேரம் இருக்காதீர்கள்.

மேலே வந்தால் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு ஆயா உட்கார்ந்திருக்கிறார். தலை முழுக்க எண்ணெய், நெற்றியில் வழிகிறது, என் மனைவி உச்சியில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் குடிதண்ணீர் வாங்கி வந்த இரண்டு இருபது லிட்டர் கேன்கள், காலி. இருந்த தண்ணீரைப் பாத்திரங்களில் ஊற்றி வைத்துவிட்டார்களாம். நண்பர் ஒன்றும் பேசாமல் ஒரு கேனை என்னிடம் நீட்டினார்.

அந்த மேட்டில் வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஆளுக்கு ஒரு கேனாகத் தோளில் வைத்து, ஐந்து இடத்தில் இறக்கி வைத்து, ஒரு பாறை முயல் எங்கள் காலடியில் குறுக்கே ஓடியதில் நண்பர் ஆஃப்ரிகான்ஸில் எனக்கும் புரிகிற ஒரு வார்த்தையைக் கத்தி, எப்படியோ மேலே கொண்டுவந்து சேர்த்தோம். என் மனைவி குளியலறை வாளியில் ஊற்றினாள். கதவுக்குப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஆயாவின் குரல்.

"ஆறிப்போச்சு. இன்னொரு நடை போங்க."