சேணத்தின் கீழே

நவம்பர் 13

கனடாவின் கால்கரி வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் போகிற வழியில் மாமா வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு சேடில்டோம் ஐஸ் ஹாக்கி அரங்கத்தின் பக்கமாகக் காரை விட்டார். யாரோ குதிரைச் சேணத்தைக் கழற்றி இருட்டில் வைத்துவிட்டுப் போனது போலிருந்தது. நினைத்ததைவிடச் சின்னது.

2004-ல் இந்த ஊர் ஹாக்கி அணியான ஃப்ளேம்ஸ் இறுதிச் சுற்று வரை போனபோது தொற்றிய பைத்தியம் இது. அன்றிலிருந்து டிவியில்தான் எல்லாம். அரங்கம் எங்கே ஓடிவிடப் போகிறது, மெதுவாகப் போகலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது இடிக்கப் போகிறார்கள்.

நவம்பர் 14, நள்ளிரவு

தோற்றோம். ஸ்கோரை எழுதப் போவதில்லை.

உள்ளே போனதும் நான் பார்த்தது பனித்தளத்தை அல்ல, கூரையை. இரண்டு ஓரம் தூக்கி, நடுவில் தாழ்ந்து, அசல் சேணம். கம்பிவடங்களை இழுத்துக் கட்டி அவற்றின்மேல் கான்கிரீட் பலகைகளை அடுக்கியிருக்கிறார்கள். நடுவில் தூண் கிடையாது, அதனால் பார்வையை எதுவும் மறைக்காது. உள்ளே சூடேற்ற வேண்டிய காற்றும் குறைவு. 1988 குளிர்கால ஒலிம்பிக்கை மனதில் வைத்துக் கட்டி, 1983-லேயே திறந்துவிட்டார்கள். இன்று அதே வளைவுதான் தொல்லை. பெரிய இசைக்குழுக்கள் கொண்டுவரும் விளக்கு, ஸ்பீக்கர் பாரத்தை இந்தக் கூரை தாங்காது. பல குழுக்கள் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகின்றன.

“போகட்டும்டா. கூரை தாழ்வா இருக்கறதாலதான் சத்தம் தப்பிச்சுப் போக வழியில்லை,” என்றார் மாமா. சாயம் போன 12-ஆம் எண் ஜெர்சி, ஃப்ளேம்ஸின் பழைய நட்சத்திரம் இகின்லாவுடையது, அவர் மேல். கோல் விழுந்ததும் மேலே நிஜமான தீ பீறிட்டது; அந்த உயரத்திலும் முகத்தில் சூடு அடித்தது. டிவியில் அது வெறும் வெளிச்சமாகத்தான் தெரிந்திருக்கிறது.

இடைவேளையில் ஜாம்போனி வண்டி தளத்தை மெழுக, மாமா ஜூன் 5, 2004-க்குப் போய்விட்டார். தம்பா பே அணியோடு இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டம், 2-2. நம் ஜெலினாவின் காலில் பட்ட பக் (ஹாக்கியின் ரப்பர் வட்டு) கோல் கோட்டைத் தாண்டியதா, தாண்டும் முன் தம்பா கோலி காலால் தடுத்தாரா? கோல் தரவில்லை. இரண்டாவது கூடுதல் நேரத்தில் தம்பா அடித்தது. ஏழாவது ஆட்டமும் அவர்களுக்கே.

“உள்ளே போயிருச்சு. நான் இங்கதான் இருந்தேன்.”

“மாமா, நீங்க இருந்தது மேல் வரிசைல.”

“அதனால என்ன?”

வேடிக்கை என்னவென்றால், ஃப்ளேம்ஸ் தன் ஒரே ஸ்டான்லி கோப்பையை, அதாவது இந்த லீக்கின் சாம்பியன் கோப்பையை, 1989-ல் வென்றது மான்ட்ரியலில், அந்த ஊர் அணியைத் தோற்கடித்து. இந்தக் கூரைக்குக் கீழே கோப்பையைத் தூக்கிய அணி எது? 1986-ல் வந்த மான்ட்ரியல்! பரஸ்பரம் வீடு புகுந்து எடுத்துக்கொண்ட கணக்கு. ஆக, நான் வந்து நிற்பது நம் அணி ஒருதரமும் கோப்பை தூக்காத இடத்தில். அதற்காக வருத்தப்பட வேண்டும், சரி. வரவில்லை.

நவம்பர் 15

காலையில் பகல் வெளிச்சத்தில் பார்க்க மறுபடி போனோம். பக்கத்திலேயே புது அரங்கம், ஸ்கோஷியா பிளேஸ், எழும்பிக்கொண்டிருக்கிறது. 2027 இலையுதிர் காலத்தில் திறப்பதாகத் திட்டம். 2013 ஜூன் வெள்ளத்தில் எல்போ ஆறு பழைய அரங்கத்துக்குள் புகுந்து கீழ் வரிசை நாற்காலிகளையே முழுக்கியது. அடுத்த சீசனுக்குள் துடைத்துக் கழுவி நிமிர்த்திவிட்டார்கள். “அப்பவே போயிருக்க வேண்டியது, போகலை,” என்றார் மாமா, ஏதோ நோயிலிருந்து பிழைத்த உறவினரைச் சொல்வது போல.

அரங்கத்தோடு என்னை ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன், கிரேன் வராமல். மாமா இடப்பக்கம் போனார், வலப்பக்கம் போனார், குனிந்தும் பார்த்தார். கிரேனை விட்டால் கூரையின் ஒரு நுனி வெட்டுப்பட்டது. கடைசியில் கிரேனோடுதான் எடுத்தார்.