பில்ட் டைரக்டரியை யார் உருவாக்குவது?

2024 மார்ச் 4, திங்கள்

புதிதாகச் சேர்ந்த பெண் காலையில் ரெப்போவை (ப்ராஜெக்ட்டின் கோடு இருக்கும் இடம்) தன் மெஷினுக்கு க்ளோன் செய்து, மேக் (கோடிலிருந்து ப்ரோகிராமைக் கட்டித் தரும் டூல்) அடித்தார். முதல் ஃபைலிலேயே நின்றுவிட்டது. "அண்ணா, அப்படி ஒரு ஃபைலே இல்லைன்னு சொல்லுது. ஆனா சி ஃபைல் இங்கதான இருக்கு?"

எரரை இருவரும் சேர்ந்து படித்தோம். சி ஃபைல் இருக்கிறது. அதைக் கம்பைல் செய்தால் கிடைக்கும் ஆப்ஜெக்ட் ஃபைலைக் கொண்டுபோய் வைக்க 'பில்ட்' டைரக்டரிதான் இல்லை. கம்பைலரான ஜிசிசி ஃபைலை எழுதும், டைரக்டரியை உருவாக்கித் தராது. என் மெஷினில் எப்போதோ கையால் உருவாக்கியது இன்னும் கிடக்கிறது. ரெப்போவைப் பராமரிக்கும் கிட், காலி டைரக்டரியைச் சேமிக்காது, அதனால் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

அவசரத்துக்கு ரீட்மீயில் "முதலில் பில்ட் டைரக்டரியை உருவாக்கவும்" என்று ஒரு வரி சேர்த்தேன். மனசு ஒப்பவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

மேக் படிக்கும் மேக்ஃபைலில், டைரக்டரியை உருவாக்க ஒரு ரூல் எழுதி, ஒவ்வொரு ஆப்ஜெக்ட் ஃபைலுக்கும் அதை முன்தேவையாகக் (முதலில் தயாராக இருக்க வேண்டியதாக) கொடுத்தேன். பில்ட் ஆனது. எதையும் தொடாமல் மறுபடி மேக் அடித்தால், திரும்பவும் கம்பைல் ஆக ஆரம்பித்தது!

மதியம்தான் பிடிபட்டது. டைரக்டரிக்குள் ஒரு ஃபைல் புதிதாக வந்தாலும் போனாலும் டைரக்டரியின் நேரமுத்திரை மாறும். கடைசி ஆப்ஜெக்ட் ஃபைல் உள்ளே வந்ததும், முன்னால் வந்தவற்றைவிட டைரக்டரி புதியதாகிவிடுகிறது. முன்தேவை புதியது என்றால் டார்கெட்டை (உருவாக வேண்டிய ஃபைலை) மறுபடி கட்ட வேண்டும் என்பது மேக்கின் அடிப்படை. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய நாளிலிருந்து அது அப்படித்தான். மேக் மேல் தப்பில்லை, நான் கேட்ட விதம்தான் தப்பு.

மார்ச் 6, புதன்

ஒரே ஒரு செங்குத்துக் கோடு போதுமாக இருந்தது.

பில்ட்/%.ஓ: சோர்ஸ்/%.சி | பில்ட்

கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பது முதலில் இருந்தாக வேண்டும், ஆனால் அதன் நேரத்தை மேக் பார்க்காது. க்னூ மேக் 3.80-இல், 2002-இல் வந்த வசதி. இத்தனை வருஷம் பயன்படுத்தாமல் இருந்திருக்கிறேன்.

மார்ச் 8, வெள்ளி

சோர்ஸுக்குள் இப்போது துணை டைரக்டரிகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனி ரூல் எழுதினால் முடிவே இருக்காது. மேக்ஃபைலின் ஆரம்பத்திலேயே ஷெல் ஃபங்க்ஷனால் எல்லாவற்றையும் உருவாக்கிவிடலாம் என்றார் புதிதாகச் சேர்ந்தவர். நல்ல யோசனையாகத்தான் பட்டது. 'மேக் க்ளீன் ஆல்' (பழையதை அழித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி கட்டு) அடித்துப் பார்த்தோம், உடைந்தது. மேக்ஃபைலைப் படிக்கும்போதே டைரக்டரிகள் உருவாகிவிடுகின்றன. அடுத்து க்ளீன் வந்து அழிக்கிறது. ஆல் தொடங்கும்போது ஒன்றும் மிச்சமில்லை.

கடைசியில் கம்பைல் ரெசிபியின் (ரூலில் வரும் கட்டளைகளின்) முதல் வரியாக இதை வைத்தோம்:

@எம்கேடிர் -பி $(@டி)

எம்கேடிர் என்பது டைரக்டரியை உருவாக்கும் கட்டளை. அடைப்புக்குள் இருப்பது அந்தந்த டார்கெட்டின் டைரக்டரிப் பகுதி. எத்தனை அடுக்கு ஆழமானாலும் வழியில் இல்லாததையெல்லாம் -பி உருவாக்கும், ஏற்கெனவே இருந்தால் பேசாமல் போகும். -பி இல்லாமல், மேக்குக்கு -ஜே8 (ஒரே நேரத்தில் எட்டு வேலைகள் வரை) கொடுத்தால், இரண்டு வேலைகள் ஒரே டைரக்டரிக்கு முட்டிக்கொண்டு ஒன்று எரராகிவிடும். ஃபைலுக்கு ஒரு ப்ராசஸ் கூடுதலாக ஓடும்தான். எங்கள் அளவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. செவ்வாயன்று கண்ட தொல்லையும் இதில் கிடையாது, டைரக்டரி முன்தேவையே இல்லையே.

மாலை அவர் வேறொரு இடத்தில் புதிதாக க்ளோன் செய்து -ஜே8 ஓட்டினார். முழுசாக ஓடி முடிந்தது. இரண்டாம் முறை, செய்ய ஒன்றுமில்லை என்று மேக் சொன்னது. திங்களன்று ரீட்மீயில் சேர்த்த வரியை அவரையே அழிக்கச் சொன்னேன்.