கட்டிலில் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும்

முதியோர் பராமரிப்பு இல்லத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு டிவி மாட்டிக் கொடுத்து, படம் தெளிவாக வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் டெக்னீஷியன். அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. பராமரிப்புப் பணியில் இருப்பவர்களுக்கோ அப்போதுதான் தொடங்குகிறது. மறுநாள் காலை "டிவி வேலை செய்யவில்லை" என்று வரும் அழைப்புக்குப் பெரும்பாலும் கேபிள் காரணமாக இருக்காது. ரிமோட்டில் ஏதோ ஒரு பட்டன் அழுந்தியிருக்கும். ஆகவே, இந்த ஏற்பாட்டைச் சுவரிலிருந்து தொடங்கக் கூடாது. கட்டிலில் இருக்கும் மனிதரின் கை, காது, கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன் இல்லத்தின் நிர்வாகத்திடம் ஒரு கேள்வி: கட்டிடம் முழுவதற்கும் ஒரே இணைப்பா, அறைக்கு அறை தனி இணைப்பா? பொது இணைப்பு என்றால், வீட்டிலிருந்து கொண்டுவந்த செட்டாப் பாக்ஸ் அந்த வயரில் ஓடாமல் போகலாம். தனி இணைப்பு என்றால், இணைப்பு தரும் நிறுவனத்திடம் பேசும் உரிமை யாருக்கு என்பதை முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். முதியவர் பெயரில் கணக்கு இருக்கும். சரிபார்ப்பு எண் அவருடைய கைப்பேசிக்குப் போகும். அதுவோ சார்ஜ் இல்லாமல் மேசை இழுப்பறையில் கிடக்கும். அவர் தானே பேசிச் சம்மதம் சொல்ல முடிகிற காலத்திலேயே மகனையோ மகளையோ கணக்கில் சேர்த்துவிடுவது பின்னால் பல வாரத் தவிப்பைத் தவிர்க்கும்.

அறையில் பிளக் பாயின்ட்டுகளை எண்ணுங்கள். மின்கட்டில், காற்று மெத்தை, ஆக்சிஜன் கருவி ஆகியவற்றுக்குப் போக மிச்சம் இருப்பதுதான் டிவிக்கு. எக்ஸ்டென்ஷன் போர்டை அனுமதிக்காத இல்லங்கள் உண்டு. எந்த வயரும் நடைபாதையைக் கடக்கக் கூடாது. வாக்கரின் காலில் சிக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். ஏற்கெனவே இருக்கும் வயரைப் பிரிக்க ஸ்ப்ளிட்டர் போட்டால் சிக்னல் பலம் குறையும்: இரண்டாகப் பிரிப்பதில் ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபெல், நான்காகப் பிரிப்பதில் 7 டெசிபெல் குறையும். சில சேனல்களில் மட்டும் படம் கட்டம் கட்டமாக உடைந்தால் முதலில் பார்க்க வேண்டியவை ஸ்ப்ளிட்டரும், தளர்ந்த திருகுமுனையும்தான்.

உயரத்தை நின்றுகொண்டு தீர்மானிக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பகுதியை அவர் வழக்கமாக வைக்கும் அளவுக்கு, பொதுவாக 30 முதல் 45 டிகிரி வரை, உயர்த்திவிட்டு அங்கே தலையைச் சாய்த்துப் பாருங்கள். படுத்திருப்பவருக்கு டிவி சற்று உயரமாக, திரை கீழ்நோக்கிச் சாய்ந்து இருக்க வேண்டும். பகல் முழுதும் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அதே உயரம் கழுத்து வலி. சாயங்கால வெயில் திரையில் விழுகிறதா என்று அந்த நேரத்தில் வந்துதான் பார்க்க முடியும். பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். டிவி எந்தப் பக்கம் என்பதை அவருடைய சிகிச்சையாளரிடம் கேட்டு வையுங்கள். இரண்டரை மீட்டர் தூரத்தில் 32 அங்குலத் திரையின் எழுத்துகளைப் பல முதியவர்களால் படிக்க முடிவதில்லை. பெரிய திரை வாங்குவதற்கு முன், இருப்பதை அருகே கொண்டுவர முடியுமா என்று பாருங்கள்.

முதுமையில் கேட்கும் திறன் குறையும்போது முதலில் போவது உயர் அலைவரிசை: ச, ஸ, த, ஃப போன்ற ஒலிகள். வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும், பேச்சு தெளியாது. அடுத்த அறைக்காரரின் தூக்கமும் கெடும். சரவுண்ட் ஒலியை அணைத்து, பேச்சைத் தெளிவாக்கும் அமைப்பைப் போட்டு, சப்டைட்டிலை இயக்கிப் பாருங்கள். போதவில்லை என்றால் வயர்லெஸ் ஹெட்போன். அதிலும் மேலே வைத்தாலே சார்ஜ் ஏறும் வகைதான் நல்லது. மூட்டுவாதம் பிடித்த விரலால் சின்ன பின்னைச் செருக முடியாது.

இனி ரிமோட். இரண்டு ரிமோட் இருக்கும் வரை நிம்மதி இல்லை. டிவி ரிமோட்டிலும் சரி, பெட்டி (செட்டாப் பாக்ஸ்) ரிமோட்டிலும் சரி, ஆனுக்கும் ஆஃபுக்கும் ஒரே பவர் பட்டன்தான். அழுத்தினால் ஆன், மறுபடி அழுத்தினால் ஆஃப். ஒன்று ஆனாகி மற்றது ஆஃபாகிவிட்டால் திரையில் "சிக்னல் இல்லை". பதற்றத்தில் அவர் சோர்ஸ் பட்டனை, அதாவது டிவி எந்த உள்ளீட்டிலிருந்து (எந்த வயரிலிருந்து) படம் எடுக்க வேண்டும் என்று மாற்றும் பட்டனை, அழுத்துவார். அதன் பிறகு மீட்பது அவரால் ஆகாது. எளிய வழி, பெட்டியை எப்போதும் ஆனிலேயே விட்டு, டிவியை மட்டும் ஆன் ஆஃப் செய்வது. இதற்குப் பெட்டியின் தானியங்கி ஸ்டாண்ட்பையை அணைக்க வேண்டும். சில மணி நேரம் பட்டன் அழுத்தாவிட்டால் தானே அணையும் வசதி டிவியிலும் உண்டு, அதையும் பாருங்கள். பிறகு பவர், வால்யூம், சேனல் மட்டும் உள்ள பெரிய பட்டன் ரிமோட்டுக்கு அசல் ரிமோட்களிலிருந்து அந்தக் கட்டளைகளைக் கற்றுக்கொடுத்து, அசல்களைச் செவிலியர் மேசையில் பூட்டி வையுங்கள். டிவியில் ஹோட்டல் மோட் இருந்தால் பொன்னான விஷயம்: எந்த உள்ளீட்டில் திறக்க வேண்டும், ஒலி எதைத் தாண்டக் கூடாது என்பதைப் பூட்டிவிடலாம்.

ரிமோட் பென்சில் பேட்டரியில் ஓடட்டும். காசு வடிவ பேட்டரி உள்ளதை மறதிநோய் உள்ளவர் அறையில் வைக்கவே கூடாது. விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

இருவர் தங்கும் அறையில் ஒரே கம்பெனி டிவியோ பெட்டியோ இரண்டு இருந்தால், இரண்டு ரிமோட்டின் சிக்னலும் ஒன்றாக இருந்து, ஒருவர் சேனல் மாற்ற மற்றவருக்கும் மாறலாம். தினம் சண்டை. ஒருவருக்கு வேறு கம்பெனியுடையதை வாங்குவது ஒரு தீர்வு.

இணையவழிப் பெட்டி என்றால், இல்லத்தின் வைஃபை பிரவுசரில் உள்நுழைவுப் பக்கம் கேட்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். டிவியில் செருகும் பல சிறு கருவிகள் அந்தப் பக்கத்தில் சிக்கிக்கொள்ளும். கருவியின் மேக் முகவரியை (அதன் தனி அடையாள எண்ணை) நெட்வொர்க்கில் பதிந்துதர நிர்வாகத்திடம் கேட்கலாம்.

மறதிநோய் உள்ளவருக்கு நாள் முழுதும் செய்திச் சேனல் வேண்டாம். ஒரே விபத்துக் காட்சி பத்து முறை வந்தால், அவருக்குப் பத்து விபத்து.

டிவி அருகே பெரிய எழுத்தில் ஓர் அட்டை: அவருக்குப் பிடித்த ஐந்து சேனல் எண்கள். அட்டையின் பின்புறம் இரவுப் பணியாளருக்கு: சரியான உள்ளீட்டின் பெயர், பெட்டியின் வரிசை எண், வாடிக்கையாளர் சேவை எண். பெட்டி, அடாப்டர், ரிமோட் மூன்றிலும் அவர் பெயர் ஒட்டுங்கள். அறை மாறும்போது அடாப்டர்தான் முதலில் தொலையும். அவர் இல்லாமல் போன பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் குடும்பத்துக்குப் பில் வரும்போது, அந்த மூன்றும் ஒரே பையில் கிடைக்க வேண்டும்.