எஃப்2 அமுக்கினால் பில் காணாமல் போன கதை

எங்கள் குடோனில் சரக்கு வரவு பதிகிற புரோகிராம் இன்னும் கறுப்புத் திரையில்தான் ஓடுகிறது, மவுஸ் கிடையாது, எல்லாம் எஃப் கீதான். சர்வரைப் புது லினக்ஸ் மெஷினுக்கு மாற்றிய மறுநாள் காலையிலேயே போன் வந்தது. "தம்பி, எஃப்2 அமுக்கினா சேவ் ஆகல, அடிச்ச பில்லே போயிடுது."

நேரில் போய்ப் பார்த்தேன். பதினாறு அயிட்டம் அடித்துவிட்டு எஃப்2 அமுக்கினார், திரை காலியாகி கர்சர் மேலே போய் நின்றது, பில் நம்பர் கட்டத்தில் [12~ என்று விழுந்திருந்தது. எஃப்1 முதல் எஃப்4 வரை எல்லாமே இதே கதை. ஆனால் எஃப்5-லிருந்து எஃப்12 வரை ஒரு குறையும் இல்லை. கீபோர்டு பழுதென்றால் இப்படியா கணக்காக நான்கு மட்டும் போகும்?

அந்த [12~ தான் துப்பு. டெர்மினலில், அதாவது சர்வரோடு பேசும் அந்த எழுத்துத் திரையில், எஃப்2 என்று தனியாக ஒரு எழுத்து கிடையாது, எஸ்கேப்பில் தொடங்கும் ஒரு எழுத்துச் சரம்தான் சர்வருக்குப் போகிறது. கேட் (cat) கட்டளையைக் கொடுத்து, கன்ட்ரோல் வி அமுக்கி, பிறகு எஃப்2 அமுக்கினால் அது கண்ணுக்குத் தெரியும். குடோன் மெஷினில் சர்வரோடு இணைக்கும் புட்டி (PuTTY) என்ற மென்பொருள் அனுப்பியது ^[[12~ (^[ என்பதுதான் எஸ்கேப்). எதிரே இருப்பது எந்த வகை டெர்மினல் என்று சர்வருக்குச் சொல்லும் டெர்ம் (TERM) மதிப்பு எக்ஸ்டெர்ம் (xterm) என்று இருந்தது, அந்தக் கணக்கில் எஃப்2 என்றால் எஸ்கேப், ஓ, கியூ. வந்தது பொருந்தாததால் புரோகிராம் முதல் எஸ்கேப்பை 'கேன்சல்' என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தை யாரோ தட்டச்சு செய்ததாக நினைத்துக் கட்டத்தில் போட்டுவிட்டது. நான்கு கீ மட்டும் ஏன் என்றால், 1978-இல் வந்த விடி100 டெர்மினலில் பிஎஃப்1 முதல் பிஎஃப்4 வரை நான்கே கீ, எக்ஸ்டெர்ம் முதல் நான்குக்கும் அந்தப் பழைய சரங்களையே வைத்திருக்கிறது. எஃப்5-லிருந்து புட்டி சரமும் எக்ஸ்டெர்ம் சரமும் ஒன்றுதான்.

அவசரத்தில் டெர்ம் மதிப்பை லினக்ஸ் என்று மாற்றிப் பார்த்தேன், அதுவரை ஓடிய எஃப்5-உம் படுத்துவிட்டது, ஏனென்றால் லினக்ஸ் கன்சோலுக்கு முதல் ஐந்து கீயும் வேறு. பழைய சர்வரின் லாகின் கோப்பைத் திறந்த பிறகுதான் விளங்கியது, யாரோ அதில் டெர்ம் மதிப்பைப் புட்டி என்று எழுதி வைத்திருந்தார்கள், மாற்றும்போது அந்த ஒரு வரி விட்டுப்போயிருந்தது.

அதையே திரும்பப் போட்டிருக்கலாம். ஆனால் இப்போது மூன்று பேர் லினக்ஸ் டெஸ்க்டாப்பிலிருந்தும் வருகிறார்கள், அங்கே எக்ஸ்டெர்ம் சரம்தான் போகிறது. அதனால் ஆறு விண்டோஸ் மெஷினிலும் புட்டியில் டெர்மினல், கீபோர்டு பகுதிக்குப் போய் ஃபங்ஷன் கீ வகையை எக்ஸ்டெர்ம் ஆர்6 ஆக்கினேன். செய்பவர்கள் கவனிக்கவும், முதலில் சேமித்த செஷனை லோட் செய்து, மாற்றி, மறுபடி செஷன் பக்கம் வந்து சேவ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை பழையபடிதான்.

அப்புறம் கிளையிலிருந்து மட்டும் எப்போதாவது இதே புகார். அங்கே லைன் மந்தம், எஸ்கேப் முதலில் வந்து மிச்சம் பிந்தி வருகிறது. புரோகிராமுக்காகத் திரையையும் கீயையும் கவனிக்கும் என்கர்ஸஸ் (ncurses) லைப்ரரி, எஸ்கேப்புக்குப் பின் மிச்சம் வருமா என்று சாதாரணமாக 1000 மில்லிசெகண்ட் காத்திருக்கும், எங்கள் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்டில் அதை 25 ஆகக் குறைத்திருந்தார்கள். 300 ஆக்கினேன். இப்போது பில் போவதில்லை, கேன்சல் கொடுத்தால் மட்டும் திரை ஒரு கணம் நின்று திரும்புகிறது.