ஏ பக்கம் முடியும் இடம்

2025 மே 11, ஞாயிறு

மழைக்கு முன்னால் ஓடு மாற்றிவிடலாம் என்று ஈரோட்டிலிருந்து ஊருக்கு வந்தேன். கோபிக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலை ஒட்டின வீடு. அட்டாலியைக் காலி பண்ணும்போது பிஸ்கட் தகர டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே பதினெட்டு கேசட். “பழைய இரும்புக்காரனுக்குப் போட்று சாமி” என்றாள் அம்மா.

பதினேழு அப்பாவுடையவை. ஒன்று டிடிகே கம்பெனியின் அறுபது நிமிடக் கேசட். உறையில் நீல மையில், இடப்பக்கம் சாய்ந்த எழுத்து: ‘ஹவ் டு நேம் இட்’. கீழே யார் பெயரும் இல்லை. எனக்கு வேண்டியதும் இல்லை.

மே 13, செவ்வாய்

ரேடியோவும் டேப்பும் சேர்ந்த அப்பாவின் டூ இன் ஒன்னையும் தூக்கி வந்திருந்தேன். திறந்தால் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கிறது. பன்னீர்செல்வம் பார்க் பக்கம் ஒரு பெரியவர் இன்னும் ரிப்பேர் பார்க்கிறார். நானூறு ரூபாய்.

கேசட்டும் சரியில்லை. டேப்பை ஹெட்டோடு அமுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துவிட்டது. “வேற கூட்டுக்கு மாத்திக்கலாங்க” என்றார். அப்பா வாங்கிய அம்மன் பாட்டு கேசட் ஒன்றின் திருகாணிகளைக் கழற்றி, அதன் சுருளை எடுத்துவிட்டு இதைப் பொருத்தினார். இப்போது மேலே வேப்பிலையும் சூலமுமாக அம்மன் படம், உள்ளே மேற்கத்திய இசைமேதை பாக். அப்பா மன்னிக்க வேண்டும்.

மே 16, வெள்ளி

இரவு கேட்டேன்.

முதலில் வெறும் இரைச்சல். அப்புறம், இதைக் கொடுத்தவள், கல்லூரியில் கூடப் படித்தவள், முன்னால் சேர்த்திருந்த இரண்டு படப்பாட்டு. அது முடிந்ததும் வயலின்கள் எழுந்தன. 1986-ல் இளையராஜா போட்ட ஆல்பம். படத்துக்காகச் செய்ததும் இல்லை, பாடுவதற்கு வரிகளும் கிடையாது. தியாகராஜரையும் பாக்கையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்த மாதிரி. வயலின் வி. எஸ். நரசிம்மன்.

கல்லூரியில் சேரும்வரை எனக்கு பாக் யாரென்றே தெரியாது. கேட்டதற்கு, “முன்னூறு வருசத்துக்கு முந்தின ஜெர்மனிக்காரருங்க” என்றாள். மூன்று வருடமும் ‘ங்க’தான். நானும் அப்படித்தான். எங்கள் பக்கம் சண்டை போட்டாலே ‘ங்க’ போட்டுத்தான் போடுவோம். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

சனிக்கிழமை ஊருக்குப் போவோம். அவளுக்குப் பொள்ளாச்சி பஸ் உக்கடத்தில். எனக்கு கோபி பஸ் காந்திபுரத்தில், நேர் எதிர்த் திசை. டவுன்ஹாலில் வேலை இருக்கிறது என்று சொல்லி உக்கடம்வரை கூடப் போவேன். வாராவாரம் அங்கே எனக்கு என்ன வேலை என்று அவள் ஒரு தடவையும் கேட்டதில்லை. அவள் பஸ் கிளம்பினதும் பெரியகுளத்துக் காற்றில் கொஞ்ச நேரம் நிற்பேன். வீடு சேர இருட்டிவிடும். “கோயமுத்தூர்ல அப்படி என்னடா கூட்டம்?” என்பார் அப்பா.

1991-ல் கடைசிப் பரீட்சை முடிந்த அன்று இந்தக் கேசட்டைக் கொடுத்தாள். “கேட்டுட்டுத் தாங்க.” “கொண்டாந்து தர்றேனுங்க” என்றேன். போகவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மட்டும் இல்லை. இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

கேசட் கையில் இருக்கிறவரைக்கும் பொள்ளாச்சி போக ஒரு சாக்கு உண்டு என்று ரொம்ப நாள் வைத்திருந்தேன். இரண்டு வருடம் கழித்து அவளுக்குக் கல்யாணம் ஆனதாகக் கேள்வி. அதற்கப்புறம் வைத்திருப்பதே மறந்துபோனது.

இன்று நடந்த ஒன்றை எழுதவேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். படப்பாட்டு இரண்டும் இடத்தை அடைத்துக்கொண்டதால் அந்தப் பக்கத்தில் ஆல்பம் முழுக்க அடங்கவில்லை. ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, பாக்கின் வயலின் தனியைச் சுற்றி ராஜா மற்ற தந்திகளை ஓடவிட்ட துண்டு, அது பாதியில் டக்கென்று அறுந்துவிடும். இன்று அது அறுவதற்கு ஒரு நொடி முன்பே என் விரல் பொத்தானுக்குப் போயிருந்தது. முப்பத்து நாலு வருடம் கழித்து, விரல் மட்டும் எதையும் மறக்கவில்லை.

“ஏனுங்க, இதுல எப்பப் பாட்டு வரும்?” என்றாள் வீட்டுக்காரி.

“வராது.”

“இதுக்கா நானூறு ரூபா?”

மே 17, சனி

போனில் தேடினால் அந்தத் துண்டு முழுசாகவே இருக்கிறது. போட்டேன். அறுந்த இடத்தைத் தாண்டியும் வாசித்துக்கொண்டே போகிறார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. என்னவோ கேட்க முடியவில்லை. நிறுத்திவிட்டு, பழையபடி கேசட்டில் பாதிவரை கேட்டேன்.

உறையை எடுத்துப் பார்த்த வீட்டுக்காரி, “எழுத்து அழகா இருக்குது. பொண்ணுதானுங்களே?” என்றாள். கூடப் படித்தவர் என்றேன். “அதான் கேட்டனுங்க” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். இரவு தோசைக்கு வெங்காயச் சட்னி. எனக்குப் பிடித்தது, கேட்காமலே.

மே 18, ஞாயிறு

ஓட்டு வேலை முடிந்தது. ரேடியோவாவது கேட்கட்டும் என்று டூ இன் ஒன்னை அம்மாவிடம் வைத்துவிட்டேன். இரும்புக்காரர் சைக்கிளோடு வாசலில் நின்றார். மீதிக் கேசட்டையெல்லாம் அள்ளிப் போட்டாள் அம்மா. பெட்டிக்குள் கிடந்த இதையும் எடுத்தவள், மேலே படத்தைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

“அம்மன் பாட்டைப் போய்ப் போடுவாங்களா கண்ணு?” என்று கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.