செங்கோட்டை, ஜூலை

ஜூலை 4
ஆகஸ்ட்டில் மெஷின் லேர்னிங் பாடம் தொடங்குகிறது. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை என்று நாலு சொல்லியிருக்கிறார்கள்: நேரியல் இயற்கணிதம், பலமாறி நுண்கணிதம், நிகழ்தகவு, பைத்தான். பரணிலிருந்து பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தை இறக்கினேன். அணிகள் இருக்கின்றன, பகுதி வகைக்கெழு இருக்கிறது. அணியால் பெருக்கினாலும் திசை மாறாத வெக்டர் எத்தனை மடங்காகிறது என்று சொல்லும் ஐகன் மதிப்பு இல்லை.

ஜூலை 5
சாரல். துணி காயவில்லை. அம்மா வாயே திறக்கவில்லை.

ஜூலை 7
அணிப் பெருக்கல் என்றால் நிரையை நிரலோடு பெருக்கிக் கூட்டு என்றுதான் பள்ளியில் பழக்கினார்கள். விடை வந்துவிடும், என்ன நடக்கிறது என்று தெரியாது. அணியின் நிரல்களைப் பங்கு போட்டுக் கலப்பதுதான் அது. (2,1) ஒரு பங்கு, (1,3) இரண்டு பங்கு, கூட்டினால் (4,7). இது பிடிபட்டதும் லெஜாண்டர் 1805-இல் வால்நட்சத்திரப் பாதைக்காக அச்சிட்ட குறைந்த வர்க்க முறையும் விளங்கியது. நிரல்களை எப்படிக் கலந்தாலும் எட்டாத புள்ளிக்கு, செங்குத்தாக இறங்கி மிக அருகில் உள்ளதை எடுத்துக்கொள்கிறோம். சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 9
விடியுமுன் திருவனந்தபுரம் பஸ். ஆரியங்காவு தாண்டியதும் மழை. அம்மாவின் கட்டியிலிருந்து பயாப்ஸி எடுத்தார்கள். நர்ஸிடம் ஆச்சிதான் மலையாளத்தில் விசாரித்தாள். அவள் பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூர். 1956-இல்தான் இந்தப் பக்கம் வந்தது.

ஜூலை 10
அத்தான் போன் பண்ணினான். "ஸ்கேன்ல சந்தேகம்னு வந்தா பத்துல ஒம்போது பேருக்கு ஒண்ணும் இருக்காதுட்டி. பேயஸ் தேற்றம் நீ படிச்சதுதானே?"

சோதனை முடிவு தெரிந்தபின் நோய் இருக்கும் வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடுவதுதான் அது. போட்டுப் பார்த்தேன். ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய். இருப்பவர்களில் 90% பேரைக் கருவி பிடிக்கும், இல்லாதவர்களில் 9% பேரையும் இருப்பதாகக் காட்டும் என்று வைத்துக்கொண்டால் 9 பேரும் 89 பேரும். 98-இல் 9. அத்தான் கணக்கு சரிதான்.

ஆனால் அந்த 1% யாருடையது? சும்மா பரிசோதனைக்குப் போன ஆயிரம் பேருடையது. அம்மா, கட்டி கைக்குத் தட்டுப்பட்டதால் போனவள். முன்நிகழ்தகவை, அதாவது ஸ்கேனுக்கு முன்பே இருந்த வாய்ப்பை, 20% என்று வைத்தால் நோய் உள்ளவர்கள் 180, இல்லாதவர்கள் 72. அதே கருவி, 71%.

அத்தானிடம் சொல்லவில்லை.

ஜூலை 11
71.

ஜூலை 14
பிழையின் பகுதி வகைக்கெழுக்களை வரிசையாக அடுக்கினால் கிரேடியன்ட். எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் பிழை குறையும். நரம்பு வலைகளுக்கு 1986-இல் பெயர் வாங்கித் தந்த பின்பரப்பலும் (பிழையைக் கடைசி அடுக்கிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் போவது) அடிப்படையில் சங்கிலி விதிதான். பைத்தான் போகப் போகப் பழகிவிடும். நிகழ்தகவை மட்டும் பாடம் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் விடக்கூடாது.

"கண்ணு கெட்டுப் போகும்ட்டி, லைட்டை அணை" என்றாள் அம்மா.

ஜூலை 15
இங்குள்ள டாக்டரிடம் கேட்டேன். பெரும்பாலான கட்டிகள் புற்று இல்லையாம். வயது, கட்டி நகர்கிறதா, ஓரம் எப்படி, எல்லாம் பார்க்க வேண்டுமாம். என் 20% நானே வைத்த எண். அதை எவ்வளவு குறைக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை.

ஜூலை 17
ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளைக் காலை நேரில் வரவேண்டுமாம், போனில் சொல்ல மாட்டார்களாம். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றால் இதனால் எந்த எண்ணும் மாறாது. சிலரை மட்டும் என்றால் மாறும். எதிர்வீட்டு மதினி போன வருஷம் அங்கேதான் காட்டினாள். அவளுக்குப் போனிலேயே சொன்னார்களா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.