இருட்டறை வேண்டாம், சூட்டைக் கவனியுங்கள்

கருப்பு வெள்ளை பிலிமை டெவலப் செய்யத் தனி இருட்டறை தேவையில்லை. பிலிமை ரீல் என்ற சுருள் சக்கரத்தில் ஏற்றி, டேங்க் என்ற வெளிச்சம் புகாத டப்பாவில் வைத்து மூடும் வரைதான் இருட்டு வேண்டும். அதற்கு சேஞ்சிங் பேக் போதும்; கையை மட்டும் நுழைத்து வேலை செய்யும், வெளிச்சம் புகாத துணிப் பை அது. மிச்ச வேலையெல்லாம் சமையலறை மேடையிலேயே நடக்கும். நம் ஊரில் பாடாய்ப் படுத்துவது வெயில்தான்.

முதலில், பைக்குள் கை வேர்க்கும். ஈரம் பட்ட பிலிம் பிளாஸ்டிக் ரீலில் ஒட்டிப் பாதியில் நின்றுவிடும். முரட்டுத்தனமாகத் தள்ளினால் மடிந்து, நெகட்டிவில் பிறை வடிவக் கறை விழும். ரீல் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும். பிலிமின் நாக்கை, அதாவது ரோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முன்முனையை, நேராக வெட்டி, முனைகளைச் சற்று வளைத்துக் கத்தரித்தால் சுலபமாக ஏறும். சிக்கிக்கொண்டால், எல்லாவற்றையும் டேங்கில் போட்டு மூடிவிட்டுக் கையை வெளியே எடுத்து ஆறவிடுங்கள். டேங்கின் நடுக்குழாயை மறந்தால் மூடி வழியாக வெளிச்சம் புகுந்து முழு ரோலும் போய்விடும்.

அடுத்தது டெவலப்பர், பிலிமில் பதிந்த படத்தைத் தெரியவைக்கும் ரசாயனம். இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் 400 பிலிமுக்கு, நீர் சேர்க்காத ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரி செல்சியஸில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் அது ஐந்து நிமிடத்தை ஒட்டி வந்துவிடும். நேரம் ஐந்து நிமிடத்துக்கும் குறைந்தால் டெவலப் திட்டுத்திட்டாக ஆகும். அதனால் நம் ஊருக்கு 1+1 கலவைதான் (ஒரு பங்கு டெவலப்பர், ஒரு பங்கு தண்ணீர்) சரி. 20 டிகிரியில் 13 நிமிடம், 24இல் சுமார் 9. இதில் இன்னொரு வசதியும் உண்டு: 32 டிகிரி டெவலப்பர் 150 மில்லியோடு, பிரிட்ஜில் குளிர்ந்த 16 டிகிரி தண்ணீர் 150 மில்லி சேர்த்தால் 24க்கு வந்து நிற்கும். ஆனாலும் அளந்து பார்த்தே ஊற்றுங்கள். டேங்கையும் 24 டிகிரி தண்ணீரில் நிறுத்தி வையுங்கள், இல்லையேல் நடுவிலேயே சூடேறும். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள். ஒரு முறை பயன்படுத்திய 1+1 கலவையைச் சேமிக்காதீர்கள்.

டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டாப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் பிக்ஸர், கழுவும் தண்ணீர் எல்லாமே அதே சூட்டை ஒட்டி இருக்கட்டும். திடீரென மாறினால் ஜெலட்டின் சுருங்கி வலைபோல் வெடிக்கும்.

ரேப்பிட் பிக்ஸர் 1+4, அதாவது ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். வெட்டிய நாக்கை அதில் போட்டு, தெளிய எத்தனை விநாடி ஆகிறதென்று பாருங்கள். அதைப்போல் இரு மடங்கு நேரம் பிலிமுக்குக் கொடுங்கள். பிலிம் பால்போல் வெளுத்து வந்தால் பயப்பட வேண்டாம், மறுபடி பிக்ஸரில் விட்டால் சரியாகிவிடும். பழைய பிக்ஸரில் வெள்ளி இருக்கும். செடிக்கோ கிணற்றடியிலோ ஊற்றவே கூடாது.

கழுவ, டேங்கை நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். புதுத் தண்ணீரில் 10, பிறகு 20. போர் தண்ணீர் உப்புக்கறை விடும் என்பதால் கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர். காயும்போது மின்விசிறி வேண்டாம், தூசி ஒட்டும்.

பிலிம் வெறுமையாக வந்தால் ஓரத்தைப் பாருங்கள். எண்களும் எழுத்துகளும் தெரிந்தால் டெவலப்பர் நன்றாகவே இருக்கிறது, படம் கேமராவிலேயே பதியவில்லை. ஓரமும் வெறுமை என்றால் டெவலப்பர் செத்திருக்கும், அல்லது பிக்ஸரை முதலில் ஊற்றியிருப்பீர்கள்.